மாப்பிள்ளைக்கு ஜாமீன்

எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பேர். நானும் மகளும் மலேசியர்கள். கணவரும் மகனும் இந்தியர்கள். மகன் இந்தியாவுக்குப் போனது ஒரே ஒரு தடவை. புதுக்கோட்டைப் பக்கம் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுததால் அந்த நாட்டை அவன் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. இருந்தாலும் கடப்பிதழ்படி அவன் இந்தியன். அலோர் காஜாவில், காலையில் நாசி லெமாக் இல்லாவிட்டால் பசியாற மாட்டேன் என்று அடம்பிடிக்கும் இந்தியன்.

இதற்குச் சட்டம்தான் காரணம் என்று படித்தவர்கள் சொல்வார்கள். நான் எங்கள் பூட்டியைச் சொல்வேன். எங்கள் குடும்பத்தில் யார் எந்த நாட்டுக்காரர் என்பதை முடிவு செய்தது எந்த மந்திரியும் இல்லை. பிரசவ வலி எந்த ஊரில் வந்தது என்பதுதான் முடிவு செய்தது.

பூட்டி பிறந்து வளர்ந்தது மலாக்காவில் ஒரு ரப்பர் தோட்டம். வாக்கப்பட்டுப் போனது நெகிரி செம்பிலானில், கெமெஞ்சே பக்கம் இன்னொரு தோட்டம். நடுவில் இருப்பது தம்பின். மாநில எல்லை அந்த டவுனுக்குள்ளேயே ஓடுகிறது. தம்பின் ஸ்டேஷன் என்று எல்லோரும் சொல்லும் ரயில் நிலையம் இருப்பது எல்லைக்கு இந்தப் பக்கம், மலாக்காவின் புலாவ் செபாங்கில். இன்று அந்த எல்லையைத் தாண்டினால் வீட்டு வரி கட்டுகிற மன்றம் மாறும், அவ்வளவுதான். 1930-களில் அப்படியில்லை. பினாங்கு, சிங்கப்பூரோடு சேர்ந்து மலாக்காவும் இங்கிலாந்து ராஜாவின் சொந்த மண். நெகிரி செம்பிலான், வெள்ளைக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து ‘ஆலோசனை’ சொன்ன மலாய் ராஜ்ஜியம்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கமாயிற்றே. பூட்டியை வளைகாப்பு முடிந்த கையோடு மலாக்காத் தோட்டத்துக்குக் கூட்டி வந்தார்கள். தாத்தா பிறந்தார். அடுத்த பிள்ளைக்கு அந்தச் சலுகை கிடையாது. பால் வெட்டுக்கு ஆள் குறையும் என்று மாமியார் விடவில்லையாம். கெமெஞ்சே லயத்திலேயே தாத்தாவின் தங்கை பிறந்தார். பிறந்த சூரா, அதாவது பிறப்புப் பத்திரம், எடுக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. பொம்பளப் பிள்ளைக்கு எதற்குச் சூரா, அது என்ன வேலைக்கா போகப்போகிறது என்றாராம் பூட்டன். அவர் இதைச் சொன்னபோது பூட்டி நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

1948-இல் மலாயா கூட்டரசு அமைந்தபோது குடியுரிமைக்கு விதி எழுதினார்கள். பினாங்கிலோ மலாக்காவிலோ பிறந்த பிரிட்டிஷ் பிரஜை இங்கேயே நிலையாக வசித்தால், கேள்வி முறையில்லாமல் குடிமகன். மலாய் மாநிலங்களில் பிறந்தவர் என்றால் அப்பாவும் இந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும், அல்லது 15 ஆண்டு விடாமல் இங்கே வசித்திருக்க வேண்டும். பூட்டன் பிறந்தது ஊரில். நடுவில் தங்கச்சி கல்யாணத்துக்கென்று ஊருக்குப் போனவர், மாம்பழக் காலம் முடியட்டும் என்று இருந்து, அப்புறம் அறுவடை முடியட்டும் என்று இருந்து, சாவகாசமாகத்தான் திரும்பி வந்தார். ‘விடாமல்’ என்ற சொல் அங்கே அடிபட்டுப் போயிற்று. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் குடிமகன். தங்கை, விசாரணைக்கு உட்பட்டவர்.

மெர்டேக்கா வந்தது. நாட்டுக்கு முதல் மாமன்னரானவர் நெகிரி செம்பிலான் ஆட்சியாளர் துவாங்கு அப்துல் ரஹ்மான். நம் வெள்ளி நோட்டில் இன்றுவரை இருப்பது அவர் முகம்தான். அவருடைய மாநிலத்து மண்ணில் பிறந்த தாத்தாவின் தங்கை, எங்கள் சின்னப் பாட்டி, அவர் முகம் போட்ட நோட்டையே சம்பளமாக வாங்கியும் அந்நியராகவே இருந்தார். மனுப் போடலாம் என்று தொழிற்சங்கத்துக்காரர்கள் தோட்டம் தோட்டமாக வந்து சொன்னார்கள். சின்னப் பாட்டியின் கணவர் ஊரிலிருந்து வந்தவர், குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசிக்காரர். தீபாவளி முடியட்டும், போடலாம் என்றார். நம்மவர்களின் தீபாவளி எப்போது முடிந்திருக்கிறது?

1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும். 1969-க்குப் பிறகு அதைக் கெடுபிடியாக அமல்படுத்தினார்கள். பெர்மிட் கிடைக்காமல் ஊர் திரும்பிய இந்தியத் தொழிலாளர்கள் 60,000 பேர் அளவில் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அதில் இரண்டு பேர் எங்கள் வீட்டு ஆட்கள். ‘ராஜுலா’ கப்பலில் சின்னப் பாட்டி போனது, அவர் அதுவரை பார்த்தேயிராத சொந்த நாட்டுக்கு. புதுக்கோட்டையில் அவருக்குக் கிடைத்த பெயர் ‘மலாயாக்காரி’. கெமெஞ்சேயில் இந்தியாக்காரி, இந்தியாவில் மலாயாக்காரி. பொறுமைசாலி. இரண்டு பெயருக்கும் திரும்பிப் பார்ப்பாராம்.

அவருடைய பேரன்தான் என் வீட்டுக்காரர். தாத்தாவின் தங்கை பேரன், முறை மாப்பிள்ளை. ஒரு குடும்ப விசேஷத்துக்கு இங்கே வந்தவரைப் பார்த்ததும் அப்பா, “மச்சான் மகன்டி” என்றார். அம்மா ஜாதகம் கேட்டார். நான் என்ன வேலை என்று கேட்டேன். ஐசி எந்த நிறம் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

கல்யாணப் பதிவுக்குப் போனபோது நீங்கள் உறவுக்காரர்களா என்று கேட்டார்கள். செப்புப்பு, அதாவது ஒன்றுவிட்ட உறவு, என்று மலாயில் சொல்லிவைத்தேன். மாமன் அத்தை முறையை மலாயில் விளக்கிச் சொல்லப்போனால் அன்றைக்கு அலுவலகத்தை மூடிவிடுவார்கள். ஆனால் நம் சட்டத்தை லேசாக நினைக்க வேண்டாம். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருப்பது, நெருங்கிய உறவில் கட்டக்கூடாதவர்களைப் பட்டியலிடுகிறது. அங்கேயே, இந்து வழக்கப்படி அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டலாம் என்று ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. இதை எழுதியவர் கட்டாயம் ஏதோ ஒரு தோட்டத்துக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்.

அத்தனை நுணுக்கமாக எழுதத் தெரிந்தவர்கள், மாப்பிள்ளை வெளிநாட்டுக்காரராக இருந்தால் என்ன செய்வது என்பதில் மட்டும் கையை விரித்துவிட்டார்கள். அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு, குடிமகனுக்கு வாழ்க்கைப்பட்ட வெளிநாட்டுப் பெண், இரண்டு ஆண்டு இங்கே வசித்து, நன்னடத்தையோடு, இனியும் இங்கேதான் இருப்பேன் என்றால் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளலாம் என்கிறது. (நடைமுறையில் அந்த இரண்டு ஆண்டு எத்தனை ஆண்டு என்பதை அந்தப் பெண்களிடம் கேளுங்கள். தேத்தண்ணி போட்டுவைத்துக்கொண்டு கேளுங்கள்.) குடிமகளைக் கட்டிய வெளிநாட்டு ஆணுக்கு அந்தப் பிரிவில் இடமே இல்லை. அவர் 19-ஆவது பிரிவுக்குப் போக வேண்டும். 12 ஆண்டில் 10 ஆண்டு இங்கே வசித்திருக்க வேண்டும், மலாய் போதுமான அளவு தெரிந்திருக்க வேண்டும். பெண்டாட்டி இருக்கிறாள் என்பதற்கு அதில் மதிப்பெண் கிடையாது.

அதுவரைக்கும் அவர் வந்து போகிறவர். மனைவி, பிள்ளை, மாமியார், மாதத் தவணையில் வாங்கிய சலவை இயந்திரம் எல்லாம் இருந்தும் கடப்பிதழில் ஒட்டியிருப்பது நீண்டகாலச் சமூக வருகைக்கான பாஸ். அதற்கு மனைவிதான் உத்தரவாதி. ‘பெர்சனல் போண்ட்’ என்று ஒரு தாள், அதில் 10 வெள்ளி முத்திரை. அவர் ஒழுங்காக இருப்பார், போகச் சொன்னால் போவார், செலவுக்கு நான் பொறுப்பு என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பொண்ணுக்கு எவ்வளவு போடுவீங்கன்னு கேட்கிற காலம் போயி, பொண்ணே மாப்பிள்ளைக்கு ஜாமீன் போடுற காலம் வந்துருச்சு” என்றார்.

இதில் உள்ள அதிகாரத்தை நான் உடனே உணரவில்லை. முதல் சண்டையில் உணர்ந்தேன். அவர் குரலை உயர்த்தினார். நான் காய்கறி நறுக்கிக்கொண்டே, “அடுத்த மாசம் பாஸ் முடியுது, ஞாபகம் இருக்காங்க?” என்றேன். மனைவிமார் சாமியாடிப் பார்த்தும், பட்டினி கிடந்து பார்த்தும் கிடைக்காத அமைதி அன்று எங்கள் வீட்டில் கிடைத்தது. புதுக்கோட்டையிலிருந்து அவருடைய சித்தப்பா, “மாப்பிள்ளைக்கு அங்கெல்லாம் மரியாதை எப்படிப்பா?” என்று கேட்டபோது, “ரொம்ப மரியாதை சித்தப்பா, நான் இல்லாம எங்கேயும் போகக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க” என்றார்.

பாஸ் புதுப்பிக்கப் போனால் நேர்காணல் உண்டு. கல்யாணம் நிஜமா என்று பார்ப்பதற்காக ஒருமுறை எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். வீட்டில் யார் சமைப்பது? நான், “நான்தான்” என்றேன். அவர் சற்றும் யோசிக்காமல், “அத்தை” என்றிருக்கிறார். நேற்று இரவு என்ன சாப்பாடு? நான் மீன் குழம்பு என்றேன். அவர் ரசம் என்றார். மீன் தீர்ந்து போன பிறகு வந்தவருக்கு ரசம்தான் மிச்சம் இருந்தது. அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பொய்க் கல்யாணம் செய்கிறவர்கள் பதிலை ஒப்பித்துக்கொண்டு வருவார்களாம். இவ்வளவு முரண்பாடு நிஜப் புருஷன் பெண்டாட்டிக்குத்தான் வரும் என்று முடிவு செய்துவிட்டார் போல. ஒரே நிமிடத்தில் அனுமதி.

பாஸில் வேலை செய்யக்கூடாது என்று ஒரு வாசகம், அதற்குப் பக்கத்திலேயே வேலை செய்ய அனுமதி உண்டு என்று இன்னொரு முத்திரை. மலாக்காவில் அவர் ஏறி இறங்கிய நிறுவனங்கள் எல்லாம் முதல் வாசகத்தைப் படித்தவுடன் கடப்பிதழை மூடிக் கையில் கொடுத்தன. ஆகவே சிங்கப்பூர். அங்கே வேலை அனுமதி அவர் பெயரிலேயே கிடைத்தது, பெண்டாட்டி கையெழுத்து வேண்டாம். கொஞ்ச நாள் நானும் அங்கே வேலை பார்த்தேன், பிறகு பிள்ளைகளோடு திரும்பி வந்துவிட்டேன். அவர் மட்டும் வெள்ளிக்கிழமை ராத்திரி வருவார், ஞாயிற்றுக்கிழமை போவார். குடும்பத்துக்குச் சம்பளம் வருகிறது, ஆனால் அந்தப் பத்தாண்டுக் கணக்கு நகரவில்லை. பூட்டன் அறுவடைக்காகத் தங்கிக் கெடுத்த அதே கணக்கைப் பேரப்பிள்ளையின் பிள்ளை ஓவர்டைமுக்காகத் தங்கிக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்.

பள்ளி விடுமுறையில் நாங்களும் சிங்கப்பூர் போய் அவரோடு திரும்புவோம். துவாஸ் பாலத்தைத் தாண்டி மலேசியப் பக்கம் பஸ் நின்றதும் எங்கள் குடும்பம் இரண்டாகப் பிரியும். நானும் மகளும் கடப்பிதழைத் தானியங்கிக் கதவில் வைத்தால் திறந்துகொள்ளும். அப்பாவும் மகனும் வெளிநாட்டவர் வரிசையில், சுற்றுலாக் கூட்டத்துக்குப் பின்னால். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மகன் எனக்குக் கையாட்டுவான், ஏதோ நான் அவனை வழியனுப்ப வந்தவள் மாதிரி. இங்கே பஸ் ஓட்டுநர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, “செப்பாட் சிக்கிட், காக்!” என்பார். தாமதமானால் பஸ் நிற்காது. இதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். ஓட்டுநர் என்ஜினைக் கிளப்பியதும் மகளைக் கழிப்பறைக்கு அனுப்பிவிடுவேன். இரண்டு ஆம்பளைகளை விட்டுவிட்டுப் போகத் தயங்காத ஓட்டுநர்கள் எல்லாம், சின்னப் பொண்ணு கழிப்பறைக்குப் போயிருக்கிறது என்றால் என்ஜினை அணைத்துவிடுவார்கள். மகளுக்கு இப்போது விவரம் தெரிந்துவிட்டது. அப்பா வரிசையில் எத்தனாவது ஆள் என்று எண்ணிப் பார்த்து, அதற்கேற்ற வேகத்தில் கை கழுவிவிட்டு வருகிறாள்.

அப்பாவின் மலாய்த் தேர்வுக்கும் அவளேதான் வாத்தியார். மலாக்காவில் இருக்கும் 21 தமிழ்ப்பள்ளிகளில் ஒன்றில் படிக்கிறாள். காலைச் சபைக்கூட்டத்தில் கற்றுக்கொண்ட நெகாராகூவையும் ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளையும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவுக்கு ஒப்பிக்க வைப்பாள். முதல் கோட்பாடு, இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. பாஸ் புதுப்பிக்கும் வாரம் வந்தால் சன்னாசிமலை ஆண்டவர் தொடங்கிப் புதுக்கோட்டைக் குலதெய்வம் வரை எல்லோருக்கும் நேர்ந்துகொள்கிற மனிதர்.

பேச்சு மலாய் அவருக்கு வந்தது வேறு வழியில். துக்காங் எமாஸ் சாலையில் 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலுக்குப் போனோம். மலாக்காச் செட்டிமாரின் கோயில். கெபாயா சட்டை, சாரோங், நெற்றியில் திருநீறும் பொட்டுமாக ஒரு பெரியம்மா நின்றுகொண்டிருந்தார். இவர் உரிமையோடு, “அம்மா, அபிஷேகம் எத்தனை மணிக்குங்க?” என்றார். அந்த அம்மாள் சுத்தமான மலாயில் பதில் சொன்னார். இவர் திகைத்துப் போய், தனக்குத் தெரிந்த பாசார் மலாயில் மறுபடி கேட்க, அவர் நேரத்தைச் சொல்வதற்கு முன்னால் வாக்கியத்தைத் திருத்தினார். சுல்தான் காலத்தில் வணிகத்துக்கு வந்து, உள்ளூர்ப் பெண்களைக் கட்டி, மலாய் பேசி, சிவனைக் கும்பிடும் வம்சம். முறை மாறாமல் விபூதி வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், “இவங்க மாப்பிள்ளைங்க எல்லாம் எந்த பாஸ்ல வந்தாங்க?” என்று கேட்டார். பருவக்காற்று மாறும்வரை தங்கியிருந்தவர்கள், காற்று மாறிய பிறகும் போகவில்லை, அதுதான் பாஸ் என்றேன். நயினா சத்து என்ற தமிழ் வணிகரைப் பற்றியும் சொன்னேன். 1511-இல் போர்த்துகீசியர் நகரைப் பிடித்ததும் அவரைப் பெண்டஹாராவாகவே ஆக்கினார்கள். பத்தாண்டு வசிப்பு கேட்கவில்லை, பெர்சனல் போண்டும் கேட்கவில்லை. பதவியைப் பிடுங்கியதும் அவர் தீக்குளித்ததைச் சொல்லவில்லை. ஏற்கெனவே பாஸ் புதுப்பிக்கும் வாரம் அது.

இந்தியாவும் என்னைச் சும்மா விடவில்லை. இந்தியக் குடிமகனைக் கட்டி, பதிவாகி, இரண்டு ஆண்டு கடந்தால் வெளிநாட்டு மனைவி ஓசிஐ அட்டைக்கு மனுப் போடலாம். ஓட்டு கிடையாது, ஆனால் ஆயுளுக்கும் விசா வேண்டாம். அம்மாவுக்கு இது பிடித்துப்போயிற்று. “ராஜுலாவில ஏத்திவிட்ட குடும்பத்துக்கு வாழ்நாள் டிக்கெட்டா? வாங்கி வை” என்றார்.

பிள்ளைகளுக்கு வருகிறேன். 2014-இல் மகள் வயிற்றில் இருந்தபோது நான் சிங்கப்பூரில் வேலையில் இருந்தேன். அங்கேயே நல்ல மருத்துவமனை, பக்கத்திலேயே கணவர். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. “தலைப்பிரசவம் என் வீட்லதான். உன் பூட்டிக்கு இருந்த மரியாதை உனக்கு இல்லையா?” என்று ஆள் அனுப்பாத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அம்மாவுக்கு அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணை தெரியாது. மலேசிய மண்ணில் பிறந்து பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் பிள்ளையும் குடிமகன் என்று அதில் இருப்பது தெரியாது. வளைகாப்பு தெரியும், அவ்வளவுதான். மகள் மலேசியர் ஆனாள்.

2018-இல் மகன். இரண்டாவது பிரசவத்துக்கு எந்த வழக்கமும் என்னைக் கூப்பிடவில்லை. சிங்கப்பூரிலேயே பிறந்தான். சிங்கப்பூர், தன் மண்ணில் பிறந்ததற்காக யாருக்கும் குடியுரிமை தருவதில்லை. மலேசியாவோ, வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அப்பா குடிமகனா என்று மட்டும்தான் அப்போது கேட்டது. அம்மா குடிமகள் என்றால், சந்தோஷம், உட்காருங்கள். கெமெஞ்சே லயத்தில் பூட்டியின் இரண்டாவது பிள்ளைக்கு நடந்ததுதான் இவனுக்கும். பிறந்த சூரா எடுக்காமல் விடவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். ஒன்றுக்கு மூன்றாக எடுத்து நெகிழிப்பையில் வைத்திருக்கிறேன்.

இந்த அநியாயத்தை எதிர்த்து மலேசியத் தாய்மார்கள் நீதிமன்றம் போனார்கள். 2021 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்று அதைப் புரட்டியது. கடைசியில் 2024 அக்டோபர் 17-ஆம் தேதி மக்களவையில் 206 பேர் ஆதரித்து அரசியலமைப்பைத் திருத்தினார்கள். அப்பா என்று இருந்த இடத்தில் அம்மாவும் வந்தாள். அன்று ராத்திரி அம்மா பாயசம் வைத்தார். பாயசத்தில் பாதி இறங்கும்போதுதான் செய்தியின் கடைசி வரியைப் படித்தேன். முன்தேதியிட்டு இது பொருந்தாதாம். ஏற்கெனவே பிறந்துவிட்ட பிள்ளைகளுக்கு அரசியலமைப்பின் அதே பழைய 15(2) பிரிவு வழிதான், மனுப் போட்டுக் காத்திருப்பதுதான். மகன் நிலைமை புரியாமல் இரண்டாவது கிண்ணம் கேட்டான்.

இது சரியில்லை என்று நான் சொல்வதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரே தாயின் இரண்டு பிள்ளைகளில் ஒன்று சொந்தப் பிள்ளை, ஒன்று விருந்தாளிப் பிள்ளை என்று 1948-இல் எழுதினார்கள். அப்போது எழுதியது வெள்ளைக்காரன், அவனைத் திட்டிவிட்டுப் போய்விடலாம். 2024-க்குப் பிறகும் ஏற்கெனவே பிறந்த பிள்ளைகள் வரிசையில் நிற்பதற்கு யாரைத் திட்டுவது?

திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போன்ற அம்மாக்கள் நிறையப் பேர் ஜொகூர் பாலத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கிறீர்கள் என்று தெரியும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இன்னும் மனுப் போடவில்லையென்றால் போட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கு மனுப் போடுவதற்கான வயது வரம்பை 21-இலிருந்து 18-ஆகக் குறைக்கும் ஏற்பாடும் அதே திருத்தத்தில்தான் இருக்கிறது. தீபாவளி முடியட்டும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.